வளையம் மூன்று நிமிடம், கடிகாரம் இரண்டு: 2019 கங்கண கிரகணத்தை வீடியோவாகப் பதிந்த ஒரு நிகழ்வு ஆய்வு

2019 டிசம்பர் 26 காலையில் நடந்த கங்கண சூரிய கிரகணத்தின் (நிலவு சூரியனை முழுதாக மறைக்காமல் சுற்றிலும் ஓர் ஒளி வளையத்தை விட்டுவைக்கும் கிரகணம்) பாதை கொங்கு நாட்டின் குறுக்கே போனது. வட கேரளத்தில் கரையேறி, வயநாடு, நீலகிரி தாண்டி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று தென்கிழக்கே இறங்கி, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் கடலுக்குப் போன பாதை அது. அகலம் சுமார் 120 கிலோமீட்டர். 2010 ஜனவரி 15 கங்கண கிரகணத்துக்கு நாமெல்லாம் கன்னியாகுமரிக்கும் தனுஷ்கோடிக்கும் பஸ் ஏறினோம். இந்த முறை அது வீட்டு வாசலுக்கே வந்தது.

காங்கேயம் பக்கம் ஒரு கல்லூரியில் இருக்கும் சிறு வான்நோக்ககத்தில் அன்று நடந்த பதிவைப் பற்றியது இந்த ஆய்வு. நான் அங்கே தன்னார்வலர். அந்த இடம் கிரகணத்தின் நடுக்கோட்டுக்கு அருகில் இருந்தது; வளையம் ஏறக்குறைய மூன்று நிமிடம் நிற்கும். வளையத்தை வீடியோ எடுத்தவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். எங்கள் கேள்வி வேறு: டோமுக்குள் இருக்கிற 8 அங்குலத் தொலைநோக்கியை வைத்து, பிற்பாடு யாராவது அளந்து பார்க்கத் தக்க ஒரு வீடியோவை எடுக்க முடியுமா?

முடிந்தது, பாதி அளவுக்கு. எது கிடைத்தது, எது நழுவியது, அதில் எது கருவியின் குணம், எது திட்டத்தின் குணம் என்று பார்ப்பதுதான் இனி.

பெரிய தொலைநோக்கிக்குள் சூரியன் அடங்காது

எங்களிடம் இருந்தது 203 மி.மீ. (8 அங்குல) ஷ்மிட்-காசகிரேன், அதாவது ஆடியும் லென்ஸும் சேர்ந்த வகைத் தொலைநோக்கி, குவியத் தூரம் 2032 மி.மீ. அதோடு முதுகில் ஏற்றிய ஒரு 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி, குவியத் தூரம் 480 மி.மீ. இரண்டிலும் ஒரே வகைக் கிரகக் கேமரா: 2.4 மைக்ரான் பிக்சல், 3096-க்கு 2080, சென்சார் அளவு ஏறக்குறைய 7.4-க்கு 5 மி.மீ.

டிசம்பர் கடைசியில் பூமி சூரியனுக்குக் கிட்டத்தில் இருக்கும். 2020 ஜனவரி 5-ல் மிகக் கிட்டம். சூரியனின் விட்டம் அப்போது 32.5 ஆர்க்மினிட் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க்மினிட்). 8 அங்குலத் தொலைநோக்கி அதை 19 மி.மீ. வட்டமாகக் கொண்டு வந்து விழ வைக்கும். 5 மி.மீ. உயரமுள்ள சென்சாரில் 19 மி.மீ. வட்டம் எங்கே அடங்க? குவியத் தூரத்தை 0.63 மடங்காக்கும் குறைப்பான் லென்ஸ் போட்டாலும் 12 மி.மீ. இருக்கும். சின்னத் தொலைநோக்கியில் சூரியன் 4.5 மி.மீ. வட்டம், அதாவது கிட்டத்தட்ட 1,890 பிக்சல். மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டுக் கச்சிதமாக உட்காரும்.

கல்லூரி நிர்வாகத்துக்கு இதை விளக்குவது லேசாக இல்லை. லட்சக்கணக்கில் செலவு செய்து டோம் கட்டியிருக்கிறார்கள். முழு வளையம் அதன் முதுகில் இருக்கிற குட்டித் தொலைநோக்கியில்தான் தெரியும் என்றால் யாருக்குத்தான் முகம் சுருங்காது?

சரி, அப்படியானால் பெரியது எதற்கு? விளிம்புக்கு. நிலவின் விளிம்பு வழவழப்பானதல்ல. மலையும் பள்ளமும் உண்டு. வளையம் மூடும் நொடியிலும் உடையும் நொடியிலும் பள்ளங்கள் வழியாக மட்டும் சூரிய ஒளி கசிந்து மணிச்சரம் போலத் தெரியும். 1836-ல் ஸ்காட்லாந்தில் ஒரு கங்கண கிரகணத்தின்போது பிரான்சிஸ் பெய்லி இதை விவரித்ததால் பெய்லி மணிகள் என்று பெயர். 8 அங்குலத்தில் ஒரு பிக்சலுக்கு 0.24 ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்). நிலவு இருக்கும் தூரத்தில் ஒரு ஆர்க்செகண்ட் என்பது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு பிக்சலில் நிலவின் அரை கிலோமீட்டர். கணக்கில் மட்டும்தான் அப்படி. காலை வெயிலில் காற்றின் நடுக்கம் இரண்டு மூன்று ஆர்க்செகண்டுக்குக் கரைத்துவிடும். இருந்தாலும் மணிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அந்தக் குவியத் தூரம் உதவும்.

ஆகவே வேலையைப் பிரித்தோம். சின்னது முழுக் கதையையும் பார்க்கும். பெரியது இரண்டு நொடிப்பொழுதுகளுக்கு மட்டும்: வளையம் மூடும் இடம், உடையும் இடம்.

இங்கே ஒரு சிக்கல். நிலவு சூரியனைக் கடப்பது மேற்கிலிருந்து கிழக்காக. வளையம் மூடுவது சூரியனின் மேற்கு விளிம்பில்; காலை வானத்தில் அது மேல்பக்கம். உடைவது கிழக்கு விளிம்பில், கீழ்ப்பக்கம். பெரிய தொலைநோக்கியின் கேமராவுக்குத் தெரிவது 12.6-க்கு 8.4 ஆர்க்மினிட் துண்டு. எனவே முதல் மணிகளை எடுத்ததும் அரைப் பாகைக்கும் மேல் தொலைநோக்கியை நகர்த்தி, கவனம் (ஃபோகஸ்) கெடாமல், மூன்று நிமிடத்துக்குள் அடுத்த விளிம்பில் நிறுத்த வேண்டும். ஒரு விளிம்போடு நிறுத்திக்கொள்வோம் என்பது என் கட்சி. கூட இருந்த கல்லூரிப் பசங்கள் இரண்டும் வேண்டும் என்றார்கள். முந்தைய நாட்களில் வெறும் சூரியனை வைத்து ஒத்திகை பார்த்து, கைப்பெட்டியில் எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று மனப்பாடம் ஆன பிறகு நானும் ஒத்துக்கொண்டேன்.

பதினொரு பாகையின் தொல்லை

தொலைநோக்கி வானத்தின் நகர்வைப் பின்தொடர, அதன் ஓர் அச்சு வட துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். எவ்வளவு சாய்வு? உங்கள் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. ஐரோப்பாவில் 50 பாகை. நமக்கு 11. அதாவது அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். சந்தையில் கிடைக்கும் சாய்தட்டுகளும் தாங்கிகளும் பெரும்பாலும் இவ்வளவு தாழ்வாகப் போகாது. போனாலும் எடைக்கம்பி காலில் இடிக்கும், அல்லது பாரம் முழுக்க ஒரே பக்கம் சரியும்.

ஊட்டி முத்தோரையில் 1970-ல் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் எனக்கு எப்போதும் வியப்பு. மலைச்சரிவே ஏறக்குறைய 11 பாகை இருக்கும் இடமாகப் பார்த்து, வடக்குத் தெற்காக அதன் மேலேயே தொலைநோக்கியை நீட்டிவிட்டார்கள். அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்தத் தொலைநோக்கி கட்டப்பட்டதும் ஒரு மறைப்பு நிகழ்வுக்காகத்தான்: ரேடியோ மூலங்களை நிலவு மறைக்கும்போது ஒலி எப்படி அறுபடுகிறது என்று பார்ப்பதற்கு, இல்லை, ஒலி என்று பழக்கத்தில் சொல்கிறோம், ரேடியோ அலையின் வலு எப்படி அறுபடுகிறது என்று பார்ப்பதற்கு. நிலவு விளிம்பைக் கத்தியாகப் பயன்படுத்தும் அந்த உத்திதான் நாங்கள் செய்ததற்கும் அடிப்படை.

எங்களுக்கு மலை இல்லை. ஆனால் கோவை இருந்தது. பம்பு செட் உதிரிகள் செய்யும் ஒரு லேத் பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்தோம். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பதினொண்ணு டிகிரி தானுங்களே, பம்ப் பேஸ் பிளேட்டுக்கே இத விடச் சுத்தமா மட்டம் பாப்பமுங்க” என்றார். தடித்த எஃகுத் தகட்டில் வந்து சேர்ந்தது சாய்தட்டு. விலைக்கு வாங்கியிருந்தால் இவ்வளவு ஆடாமல் நின்றிருக்காது என்று இன்றும் சொல்வேன்.

துருவ நட்சத்திரம் எங்கள் ஊரில் அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில்தான் இருக்கும். புழுதியும் தென்னந்தோப்பும் போக அது கண்ணில் படுவதே அபூர்வம். அதனால் நட்சத்திரங்கள் நகரும் போக்கைப் பார்த்துச் சரிசெய்யும் முறையில்தான் அச்சைச் சீராக்கினோம். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பலர் விட்டுவிடுவது: மோட்டாரின் வேகத்தை நட்சத்திர வேகத்திலிருந்து சூரிய வேகத்துக்கு மாற்ற வேண்டும். நட்சத்திரத்துக்கு நொடிக்கு 15.04 ஆர்க்செகண்ட், சூரியனுக்கு 15.00. அற்ப வித்தியாசமாகத் தெரியும். மூன்று மணி நேரக் கிரகணத்தில் அது ஏழு ஆர்க்மினிட்டுக்கு மேல் சேரும், அதாவது பெரிய கேமராவின் பார்வையில் பாதிக்கு மேல்.

ஃபில்டர், கவனம், ஒளி அளவு

ஃபில்டர் தொலைநோக்கியின் வாயில்தான் இருக்க வேண்டும். கண்வில்லைப் பக்கம் திருகும் சிறு கண்ணாடிகள் சூட்டில் வெடிக்கும். பழைய கிட்களோடு அவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, கண்டால் தூக்கி எறியுங்கள். நாங்கள் பயன்படுத்தியது ஒளியை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் படலம். குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியைக் கழற்றியே வைத்துவிட்டோம். அதன் மூடி நழுவினால் போதும், பின்னால் நிற்பவர் சட்டை பொசுங்கும்.

கவனம் பிடிப்பதுதான் எதிர்பாராத வேலை வாங்கியது. சூரியனில் புள்ளி இருந்தால் அதை வைத்துக் கவனம் பிடித்துவிடலாம். 2019 டிசம்பர் என்பது 24-ஆம் சூரியச் சுழற்சி முடிந்து 25 தொடங்கும் அடிமட்டம். கவனம் பிடிக்கத் தக்க பெரிய புள்ளி ஒன்றுகூட இல்லை. வெறும் வெள்ளைத் தட்டு. சூரிய விளிம்பை வைத்துப் பிடித்தால் காற்று நடுக்கத்தில் அது நெளிந்துகொண்டே இருக்கும். கடைசியில், 8 மணி 6 நிமிடம் வாக்கில் நிலவு கடிக்கத் தொடங்கியதும் அந்தக் கடிவாயின் கூர்மையான முனையை வைத்துத்தான் சரியான கவனம் கிடைத்தது. பிறையின் கொம்பு முனை போலக் கவனம் பிடிக்க வசதியான பொருள் கிடையாது. இதற்கென்று முதல் அரை மணி நேரத்தை ஒதுக்கிவைப்பது நல்லது.

அடுத்தது தானியங்கி ஒளி அளவு. இதை அணைத்தே தீர வேண்டும். சூரியன் மெலிந்துகொண்டே போகும்போது கேமரா ‘வெளிச்சம் குறைகிறது’ என்று நினைத்து ஒளிநேரத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை வாங்கும் நேரத்தை, கூட்டும். மணிகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பார்க்க ஜெகஜோதியாக இருக்கும், அளக்க உதவாது. இதில் இன்னும் ஆழமான சங்கதி ஒன்று உண்டு. ஒரு மணி எந்த நொடியில் அணைந்தது என்பது ஃபில்டரும் ஒளிநேரமும் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். அதிக ஒளியை விடும் அமைப்பில் அதே மணி சற்று அதிக நேரம் உயிரோடு தெரியும். சூரிய விளிம்பு கத்தியால் வெட்டினது மாதிரி முடிவதில்லை, மங்கி மங்கித்தான் முடிகிறது. கிரகண மணிகளை வைத்துச் சூரியனின் ஆரத்தை அளப்பவர்கள் (ஒப்பிடும் பழைய மதிப்பு 959.63 ஆர்க்செகண்ட், 1891-ல் ஜெர்மன் வானியலாளர் ஆவர்ஸ் தந்தது) மல்லுக்கட்டுவது இந்த இடத்தில்தான். ஆகவே ஒளிநேரத்தை ஒரு மில்லிவிநாடியை ஒட்டி வைத்து, ஃபில்டர் விவரத்தோடு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, கையை எடுத்துவிட்டோம்.

கோப்பு அளவைப் பற்றி ஒரு வரி. முழு ஃபிரேம் ஒன்று 6.4 மெகாபைட். நொடிக்கு இருபது எடுத்தாலே 130 மெகாபைட்டை ஒட்டி வரும். சுழலும் ஹார்ட் டிஸ்க் திணறி ஃபிரேம்களை விழுங்கிவிடும். எஸ்எஸ்டி வேண்டும். பெரிய தொலைநோக்கியில் விளிம்பை ஒட்டிய பட்டையை மட்டும் வெட்டி, நொடிக்கு 80 ஃபிரேம் வைத்தோம். வளையத்துக்கு முன்னும் பின்னும் சில நிமிடம்தான் தொடர் பதிவு. மற்ற நேரத்தில் சின்னத் தொலைநோக்கி பத்து நொடிக்கு ஒரு படம்.

அன்று காலை

ஆறரைக்கே எல்லோரும் சாப்பிட்டுவிட்டோம். வேறு வழியில்லை. மெஸ் அக்கா முந்தின நாளே சொல்லிவிட்டார்: “கெரகணம் உடட்டும்ங்க சார், அதுக்கப்பறந்தான் அடுப்பு பத்த வெக்கோணும்.” பதினொன்றேகால் வரை டீ கூடக் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். ஊரே போய்ப் பார்த்தது. அடி மட்டமான உலக்கை எந்தக் கிழமையிலும் நிற்கும் என்று எங்கள் மாணவி ஒருத்தி மறுநாள் நிறுத்திக் காட்டினாள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

டோமின் தகரக் கூரை எட்டு மணிக்கே சூடேற ஆரம்பித்தது. இரவு வேலைக்குக் கட்டிய டோம் பகல் வேலைக்கு எதிரி: பிளவு வழியாக உள்ளே வெந்த காற்று வெளியேறும்போது படம் கொதிக்கும். முந்தின இரவிலிருந்தே பிளவைத் திறந்து வைத்து, கிழக்குப் பக்கக் கூரையில் நனைத்த சாக்கு போட்டிருந்தோம். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பலன் இருந்தது. ஆனால் சொல்லியாக வேண்டும்: தோப்போரம் மண் தரையில் நிறுத்தியிருந்த ஒரு பார்வையாளரின் சிறு தொலைநோக்கியில் விளிம்பு எங்களுடையதைவிட அமைதியாக இருந்தது. சூரிய வேலைக்கு கான்கிரீட்டைவிடப் பச்சைத் தரை மேல்.

ஒன்பது மணிக்கு மேல் பாலக்காட்டுப் பக்கமிருந்து மெல்லிய மேகத் திரை ஒன்று நகர்ந்து வந்தது. ஒளிநேரத்தைக் கூட்டலாமா என்று ஒரு விவாதம். தொடவில்லை. ஒன்பதரையை ஒட்டி மேற்கு விளிம்பில் கொம்புகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி ஓடி வந்தன. மணிகள் தெரிந்தன, சேர்ந்தன, வளையம் மூடியது. எல்லாம் சில நொடிகளில். நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதன் விலை அது: வளையம் நீளும், மணிகள் சீக்கிரம் முடியும். மணிகளை மட்டுமே குறிவைப்பவர் ஈரோட்டுக்கு வடக்கே பாதையின் எல்லைக்கோட்டை ஒட்டிப் போயிருக்க வேண்டும். அங்கே நிலவு விளிம்பு சூரிய விளிம்பை உரசிக்கொண்டே போகும், மணிகள் நின்று விளையாடும்.

பெரிய தொலைநோக்கியைக் கிழக்கு விளிம்புக்கு நகர்த்தும் வேலை ஒத்திகைப்படியே நடந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது மேகத் திரை தடித்திருந்தது. வளையம் உடைந்த நொடி பதிவில் இருக்கிறது. மணிகள் ஒளிக்கறையாகத்தான் இருக்கின்றன. சின்னத் தொலைநோக்கியில் முழு வளையமும், அது மூடிய நொடியும் உடைந்த நொடியும் சுத்தமாக விழுந்திருந்தன.

வெளியே புளிய மரத்தடியில் இலை இடைவெளிகள் வழியாகத் தரையெல்லாம் குட்டி வளையங்கள். கூட்டம் டோமை விட்டுவிட்டு அதைத்தான் படம் பிடித்தது. நியாயம்தான்.

இரண்டு கடிகாரம்

அன்று மாலை இரண்டு கோப்புகளையும் திறந்து பார்த்தபோதுதான் ஆய்வின் முக்கியமான பகுதி தொடங்கியது. இரண்டுமே எஸ்இஆர் வடிவம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணினி தந்த நேரம் உள்ளேயே பதிவாகியிருக்கும். ஏவிஐ-யில் அது கிடையாது, அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரே இடம், ஒரே கிரகணம், ஒரே முதுகில் இரண்டு தொலைநோக்கிகள். வளையம் மூடிய நேரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு நொடி வித்தியாசம் இருந்தது.

முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது கேமராவின் ஷட்டரை. இந்த வகைச் சென்சார் வரிவரியாகப் படிக்கும். மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நேரம் கொஞ்சம் வேறுபடும். ஆனால் அந்த வித்தியாசம் ஃபிரேமுக்கு மில்லிவிநாடிக் கணக்கில்தான், எங்கள் பட்டைக்கு ஆறேழு. இரண்டு நொடிக்கு அதைக் குற்றவாளியாக்க முடியாது. இணையம் முழுக்க ஷட்டரைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். கணினியின் கடிகாரத்தைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

சின்னத் தொலைநோக்கியின் லேப்டாப் மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாக இணைய நேரத்தோடு ஒத்துப்போயிருந்தது. மொபைல் இணைப்பில் பத்திலொரு நொடி வரை பிசகலாம், இரண்டு நொடி பிசகாது. பெரியதன் லேப்டாப் யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்றிலிருந்து நேரம் எடுத்திருந்தது. ஜிபிஎஸ்ஸைத்தான் எல்லோரும் நம்புவோம். இந்த வழக்கில் பிசகியது அதுதான்.

காரணம் லீப் நொடி, அதாவது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்பட்ட கூடுதல் நொடி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் லீப் நொடிகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. 2017 தொடக்கத்திலிருந்து அது உலகப் பொது நேரத்தைவிட 18 நொடி முந்தி ஓடுகிறது. அந்த 18 என்ற எண்ணை செயற்கைக்கோள் தன் செய்தியில் அனுப்பும், ஆனால் முழுச் செய்தி ஒரு சுற்று வர பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அதுவரை கருவி தன் நினைவில் எழுதி வைத்திருக்கும் பழைய எண்ணைப் பயன்படுத்தும். 2015 ஜூன் கடைசிக்கு முன்பு அந்த எண் 16. எங்கள் கருவியின் மென்பொருள் அந்தக் காலத்தது. செருகிய சூட்டில் லேப்டாப் அதனிடம் ஒரே ஒரு முறை நேரம் கேட்டு வாங்கிக்கொண்டது. கருவி பிற்பாடு தன்னைத் திருத்திக்கொண்டபோது லேப்டாப் மறுபடி கேட்கவில்லை. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே அந்த இரண்டு நொடி.

இது ஊகமாகவே நின்றிருக்கும், ஒரு ஃபோன் வீடியோ இல்லாவிட்டால். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் காலையில் வேடிக்கையாக இரண்டு லேப்டாப் திரைகளையும் ஒரே சட்டத்தில் வைத்து எடுத்திருந்தான். மூலையில் ஓடும் இரண்டு கடிகாரங்களும் அதில் தெரிந்தன. வித்தியாசம் இரண்டு நொடி, அசையாமல். அதே கருவியைப் பிற்பாடு அணைத்துச் சில வாரம் கழித்துச் செருகியபோது மறுபடி அதே இரண்டு நொடி. கால் மணி நேரத்தில் தானே சரியானது.

இரண்டு நொடியில் என்ன போய்விடும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிலவின் தோற்ற விட்டம் சூரியனில் ஏறக்குறைய 97 விழுக்காடு. வித்தியாசம் 58 ஆர்க்செகண்ட் வாக்கில். அதை மூன்று நிமிடத்தில் கடக்கிறது என்றால் நொடிக்கு 0.32 ஆர்க்செகண்ட். இரண்டு நொடிக்கு 0.64, நிலவின் விளிம்பில் ஒரு கிலோமீட்டருக்கு மேல். நிலவைச் சுற்றிய விண்கலங்களான ஜப்பானின் ககுயாவும் அமெரிக்காவின் எல்ஆர்ஓவும் அளந்து வைத்திருக்கும் நிலவு விளிம்பு வரைபடத்தோடு மணிகளை ஒப்பிடும்போது, பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் மேடு வந்து நிற்கும்.

ஆனால் எல்லாமே வீண் என்று சொல்ல முடியாது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வளையம் மூடியதும் உடைந்ததும் ஒரே கடிகாரத்தில் பதிவானவை. பிசகு இரண்டிலும் சமம். ஆகவே வளையம் நின்ற கால அளவு மாறாது. சூரிய ஆரத்தை அளக்க முக்கியமாக வேண்டியது அந்தக் கால அளவு. கெட்டுப்போனது சரியாக எந்த நொடியில் நடந்தது என்பது மட்டும், அதையும் ஃபோன் வீடியோவை வைத்து மீட்க முடிந்தது. மீட்ட கோப்பில் மூல நேரத்தை அழிக்காமல், திருத்தத்தைத் தனிக் குறிப்பாக வைத்திருக்கிறோம்.

நேரம் குறித்த பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கிய நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. ஜவ்வாது மலையில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் நட்சத்திரத்தின் ஒளி ஒரு தரம் திடீரெனக் குறைந்ததைப் பதிவு செய்தார்கள். ஒற்றைப் பதிவாக அது யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் என்று தோன்றியது. விமானத்தில் பறந்த அமெரிக்க ஆய்வகத்தின் பதிவோடும் மற்ற இடங்களின் பதிவுகளோடும் சேர்த்துப் பார்த்தபோது அவை வளையங்கள் என்று தெரிந்தது. வெவ்வேறு கண்டங்களின் குறைவுகளை ஒன்றோடொன்று பொருத்த முடிந்தது எல்லோரிடமும் நேரம் ஒழுங்காக இருந்ததால்தான்.

பதிவுக்குப் பிறகு

படத்தை அழகாக்கும் வேலையும் அளக்கும் வேலையும் வேறு வேறு. அழகுக்கு, நூற்றுக்கணக்கான ஃபிரேம்களில் நடுக்கம் குறைந்தவற்றைப் பொறுக்கி அடுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் போன்றவை இருக்கின்றன. சின்னத் தொலைநோக்கியின் வளையத்தை அதில்தான் செய்தோம், கல்லூரி முகப்பில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மணிகளை ஒருபோதும் அடுக்கக் கூடாது. அடுக்கினால் நேரம் கரைந்துவிடும். அதை ஃபிரேம் ஃபிரேமாக, லிமூவி, டாங்ரா மாதிரி ஒளி அளக்கும் மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். வாட்ஸப்பில் சுற்றிய பிரதியை யாராவது ஆய்வுக்குத் தந்தால் வாங்காதீர்கள். சுருக்கத்தில் மங்கிய மணிகள்தான் முதலில் காணாமல் போகும்.

இப்போது நடைமுறை மாறியிருக்கிறது. ஜிபிஎஸ் கருவியைப் பதிவுக்கு அரை மணி நேரம் முன்பே செருகிவிடுகிறோம், லேப்டாப் அதனிடம் நிமிடத்துக்கு ஒரு முறை நேரம் கேட்கிறது, பதிவின் முன்னும் பின்னும் எல்லாத் திரைகளையும் ஒரே ஃபோனில் எடுக்கிறோம். நிலவு நட்சத்திரங்களை மறைக்கும் இரவுகளில் இதைப் பழகுகிறோம். நிலவின் இருண்ட விளிம்பில் நட்சத்திரம் ஒரு ஃபிரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. கடிகாரத்தைச் சோதிக்க அதைவிட நேர்மையான தேர்வு இல்லை. பெரிய தொலைநோக்கிக்கு அந்த வேலைதான் பொருத்தம்: இரவு, மங்கிய நட்சத்திரம், சின்னப் பார்வைப்பரப்பு, ஆறிய டோம்.

தமிழ்நாட்டில் அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21. பாதை கேரளத்தின் தென்பகுதி, மதுரை என்று போகிறது. கொங்கு நாட்டுக்குப் பெரிய பகுதிக் கிரகணம் மட்டும். நண்பகல் தாண்டிய நேரம், மே மாத வெயில், காற்று இதைவிடப் பலமடங்கு கொதிக்கும். டோமைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 80 மி.மீ. தொலைநோக்கியும் இரண்டு கேமராக்களும் ஒரு காரின் டிக்கியில் அடங்கும். மதுரைக்கு வடக்கே எல்லைக்கோட்டை ஒட்டி மண் தரையுள்ள ஒரு தோப்பு கிடைத்தால் அங்கே போய் உட்கார்வதென்று முடிவு. தாங்கிக்கு மட்டும் பத்துப் பாகையில் இன்னொரு சாய்தட்டு வேண்டும், பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறோம்.